அப்பா இளையர் அணியில் சேர்ந்த கதை

பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் இளையர் அணியில் எப்படியெல்லாம் பங்கெடுக்கலாம் என்று பேசுவதற்காக எங்கள் மாதா கோயிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், கோப்பியும் கறிபஃப்பும் கொடுத்து நடந்த கூட்டம் அது. அம்மா மட்டும் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கறிபஃப்பைச் சாப்பிட்டு, தெரிந்த நாலு பேரிடம் பேசிவிட்டு வந்திருப்பார். அன்றைக்கென்று பார்த்து அப்பாவும் கூட வந்தார். வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்காமல் கையை வேறு தூக்கினார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த உலகத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அப்பா அம்மாவின் கண்ணில் படாத ஓர் இடம் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். தப்புத்தண்டா செய்வதற்கு அல்ல, அதற்கெல்லாம் எனக்குத் தைரியம் கிடையாது. சிங்கப்பூரில், பூன் லேயில் இருந்த எங்கள் வீட்டில் என் அறைக் கதவைச் சாத்தினாலே, உள்ளே என்ன பண்றே என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அந்த வளை எனக்கு இளையர் அணிதான்.

கோயில் நகரத்து நடுவில், தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு எம்.ஆர்.டி ரயில் பிடித்தால், பாதித் தீவைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பயணமே எனக்குப் பாதிச் சந்தோஷம். அங்கே போய்ப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பாட்டுப் பயிற்சி, கொஞ்சம் ஜெபம், கொஞ்சம் விளையாட்டு, நிறைய அரட்டை. ஆனால் நான் சொல்லும் ஜோக்குக்கு அங்கே சிரித்தார்கள். பள்ளியில் என் உயிர்த்தோழியாக இருந்தவள் காரணமே சொல்லாமல் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த காலம் அது. வாரம் முழுவதும் வகுப்பில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய அந்த வயதில் இருந்து பார்க்க வேண்டும்.

அங்கே எனக்கு வாய்த்த சிநேகிதி தோ பாயோவிலிருந்து வருவாள். வாய் ஓயாது. தூங்கும்போதாவது பேசாமல் இருப்பாளா என்று அவள் அம்மாவிடமே கேட்டிருக்கிறேன். இல்லையாம். பள்ளியில் நடந்ததை அந்தத் தோ பாயோக்காரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கக்கூடாது. அப்பாவுக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் வேலை செய்தார். நான் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுத்திருப்பார். நான் திரும்பி வந்தால் அம்மா உதட்டில் விரலை வைத்து, அப்பா தூங்குகிறார் என்று சைகை காட்டுவார். அவர் எழுந்து குளித்துக் கிளம்பும்போது நான் வீட்டுப்பாடத்தில் இருப்பேன். எங்கள் வீட்டில் அப்பா என்பது பெரும்பாலும் சாத்தியிருக்கும் ஓர் அறைக் கதவுதான்.

நான் உயர்நிலைக்குப் போன வருடம் அந்தத் தொழிற்சாலை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய்விட்டது. அப்பா அதோடு போகவில்லை. பஸ் ஓட்டும் உரிமம் எடுத்து, ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் மாலையில் திரும்பக் கொண்டுவருவதுமாக இருந்தார். இடையில் முழுப் பகலும் வீட்டில் இருந்தார். பகல் வெளிச்சத்தில் அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டே கேள்விகள் கேட்பார். “சாப்பிட்டியா பாப்பா?” “ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?” இரண்டுக்கும் நான் “ம்” என்பேன். அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்துவிடும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷர் என்றுதான் அவரை நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவர்தான் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

அணித் தலைவியாக இருந்த அக்கா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். திருத்தமாகப் பேசுவார். பெற்றோர்கள் உதவ நினைத்தால் உதவலாம், கிறிஸ்துமஸ் பாட்டுக்காக வீடுவீடாகப் போகும்போது ஒரு வீட்டார் வரவேற்கலாம், சாப்பிட ஏதாவது கொடுக்கலாம், போக்குவரத்துக்கு வழி செய்யலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தார். “மத்தபடி புள்ளைங்களுக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் குடுங்க அங்கிள், ஆன்டி. கூடவே இருங்க, ஆனா கொஞ்சம் தள்ளி இருங்க.” நான் சுவரோரம் நின்று, தலை கழன்று விழுகிற அளவுக்கு ஆட்டினேன். அந்த நேரத்தில்தான் அப்பா எழுந்து, எங்க கம்பெனி பஸ் சனிக்கிழமை மதியத்துக்கு மேல சும்மாதான் நிக்குது, முதலாளிகிட்டக் கேட்டு எடுத்துட்டு வரேன், பயிற்சி முடிஞ்சு புள்ளைங்கள வீட்ல விடறதும் நான் பாத்துக்கறேன் என்றார். கூடம் முழுவதும் கைதட்டல். என் முகத்தில் ஈயாடவில்லை.

பாட்டுக்குப் போகும் அந்த ஒரு நாள் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா பஸ்ஸோடு கோயில் வாசலில் நின்றார். என் எம்.ஆர்.டி பயணம் போயிற்று. அது போனால் போகட்டும் என்றால், அடுத்து நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அப்பா பேசினார்.

பேசினார் என்றால் சாதாரணமாக அல்ல. இரவு ஷிஃப்டில் தொழிற்சாலைக் கழிவறையில் கேட்ட மர்மச் சத்தத்தைப் பற்றி அவர் சொன்ன கதைக்குப் பிள்ளைகள் அலறிவிட்டுப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிட்டார் வாசிக்கும் அண்ணனுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் எந்தப் பாட்டு வைக்க வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடத்துவார். நான் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, இவர் யாருடைய அப்பா என்று யோசித்துக்கொண்டு வருவேன். “உங்க அப்பா சூப்பர் லா!” என்று ஒவ்வொருவரும் வந்து சொன்னார்கள். சூப்பராக இருக்கிறவர் வீட்டில் ஏன் அப்படி இல்லை என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள முதல் இருக்கையைத் தோ பாயோக்காரி பிடித்துக்கொண்டாள். அவளும் அப்பாவும் வழி முழுவதும் என்னவோ பேசுவார்கள். முன்னால் நடப்பது கடைசி இருக்கைக்குக் கேட்காது. கண்ணாடியில் அப்பாவின் பாதி முகம் மட்டும் தெரியும், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் காது வழியாகப் புகை வந்தது. என் வளைக்குள் நுழைந்தது போதாதென்று, அங்கே நான் வைத்திருந்த ஒரே சிநேகிதியையும் அவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சாப்பிட்டியா பாப்பா. நான் “ம்” என்பதைக்கூட நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு தனி ஆனந்தத்தில் இருந்தார். எங்கள் வீடு மேற்குக் கோடியில் இருப்பதால், பாட்டுக்குழு ஒரு வருடமும் பூன் லே பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பார், ஒவ்வொரு வருடமும் தூரமா இருக்கே ஆன்டி என்று பதில் வரும். இந்த முறை பஸ்ஸே எங்களுடையது. யாரும் மறுக்க முடியவில்லை. நாலு வீடுகளில் கடைசி வீடாக எங்கள் வீட்டைச் சேர்த்தார்கள். அம்மா தான் வேலை பார்த்த பாலிகிளினிக்கில் லீவு சொல்லி, புதுத் திரைச்சீலை மாட்டி, குடில் கட்டி, ஆப்பத்துக்கு அரிசி ஊறப்போட்டார். ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். பிள்ளைகள் உட்கார உட்காரச் சுடச்சுட ஊற்றிப் போட வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ஆப்பச்சட்டி கடன் வாங்கி வைத்தார்.

அங்கேதான் எங்கள் தாய்மார்கள் ஒட்டுமொத்தமாக ஒரு தவறு செய்தார்கள். கூட்டத்தில் தலைவி அக்கா, எல்லா வீட்டிலும் லைட்டாக ஏதாவது கொடுத்தால் போதும் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், மற்ற வீடுகளில் லைட்டாகத்தான் கொடுக்கப் போகிறார்கள், பாவம் பிள்ளைகள் பாடிப் பாடிப் பசித்துப் போகும், நம் வீட்டிலாவது வயிறாரப் போடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதில் என் அம்மாவும் அடக்கம்.

அந்தச் சனிக்கிழமை மதியம் தோ பாயோவில் முதல் வீடு. சிநேகிதியின் வீடுதான். வெளி நடைபாதையில் நின்று ஒரு பாட்டு, உள்ளே போய் இரண்டு பாட்டு, பிறகு வாசகம், ஜெபம். குழந்தை இயேசுவின் சுரூபத்தை வீட்டார் எல்லோரும் முத்தமிட்டு வணங்கினார்கள். அடுத்து மேசையைப் பார்த்தால் மட்டன் பிரியாணி, முட்டை, தயிர்ப் பச்சடி, கேசரி. பசியோடு போனவர்கள் ஒரு பிடி பிடித்தோம். இரண்டாவது வீட்டில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும், அது பிடிக்காதவர்களுக்காக மீ கோரெங் நூடுல்ஸும். பாதிப் பாதியாக வைத்துக்கொண்டோம். அந்த ஆன்டி கரண்டியோடு பின்னாலேயே வந்து பாதியை முழுதாக்கினார். மூன்றாவது வீட்டில் இடியாப்பமும் கோழிக் கறியும். வேண்டாம் ஆன்டி என்றால், அப்ப அவங்க வீட்ல மட்டும் சாப்பிட்டீங்களா என்று கேட்டார். இதற்கு மேல் என்ன பதில் சொல்வது? கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த அண்ணனுக்கு அந்த வீட்டோடு வயிற்றில் தலையணை கட்டும் அவசியம் இல்லாமல் போனது.

அப்பா எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை. பஸ்ஸை விட்டு வர முடியாது என்று கீழேயே இருந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு ஒரு பொட்டலம் வந்தது. மூன்றையும் டேஷ்போர்டில் அடுக்கி வைத்திருந்தார்.

மூன்றாவது வீட்டிலிருந்து இறங்கிய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறியவர்கள் உட்காரவில்லை, சாய்ந்தார்கள். கிட்டார் அண்ணன் இடுப்பு வாரைத் தளர்த்திவிட்டு, இனி ஒரு பருக்கைகூட இறங்காது என்று அறிவித்தார். தலைவி அக்கா கண்ணை மூடியபடி எலுமிச்சை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். தோ பாயோக்காரி முன் இருக்கையிலிருந்து எல்லோர் சார்பிலும் மனுப் போட்டாள். “அங்கிள், ப்ளீஸ் லா. உங்க வீட்ல பாடிட்டு, ஆளுக்கொரு பச்சத்தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பிடறோம். ஆன்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

 அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு இரண்டு அடுப்பிலும் சட்டியை வைத்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு இந்த வருடம்தான் கிடைத்திருக்கிறது. அத்தனை பேரும் போய்ப் பச்சைத் தண்ணீர் கேட்டால் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே, பரவால்ல பரவால்ல என்பார். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் பார்க்க முடியாது. அப்பா ஏதாவது சொல்வார் என்று கண்ணாடியைப் பார்த்தேன். அவர் “அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பேசாமல் விரைவுச்சாலையில் பஸ்ஸை விட்டார். வேண்டிய நேரத்தில் கொழுக்கட்டை திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு ஆத்திரம்.

பூன் லேக்குள் நுழைந்ததும் பஸ் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய், ராத்திரியில் பஸ்களும் லாரிகளும் நிற்கும் பெரிய நிறுத்துமிடத்தில், எங்கள் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் நின்றது. அப்பா எழுந்து நின்று, “எல்லாரும் இறங்குங்க. எங்க புளோக் முன்னாடி ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க, பஸ் போகாது. நடந்துதான் போகணும்” என்றார்.

மதியம் கிளம்பும்போது அந்த ரோட்டில்தான் போயிருந்தோம். ஒரு குழிகூட இல்லை. நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஏனோ தெரியவில்லை, மூடிக்கொண்டேன்.

நடந்தோம். முனகிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அப்பா மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். கால்வாய் ஓரமாக, மேம்பாலம் ஏறி இறங்கி, சந்தையைச் சுற்றி, கோப்பிக்கடைக்குள் புகுந்து, எந்த வழியில் போனால் எங்கள் வீடு மிகத் தொலைவில் இருக்குமோ அந்த வழியில் கூட்டிப் போனார். நடுவில் சும்மா ஏன் நடக்கணும், பாடிக்கிட்டே போவோம் என்றார். பாடினோம். கோப்பிக்கடையில் பியர் குடித்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தா மேசையில் தாளம் போட்டார். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்து எந்தப் புளோக்கிலிருந்தோ பொடிசுகள் ஓடிவந்தன, அவற்றுக்காக அங்கேயே நின்று ஆட வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றுவிட்டது.

மேம்பாலத்தில் ஏறும்போது அப்பா மெல்லப் பின்தங்கி என் பக்கத்தில் வந்து நடந்தார். சாப்பிட்டியா என்று கேட்பார் என்று நினைத்தேன். இந்த நிலைமையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீ ஆல்டோ குரல்ல பாடறியாமே பாப்பா. அது கஷ்டமாமே, மத்தவங்க மெட்டுல விழுந்துடாமப் பிடிச்சு நிக்கணுமாமே” என்றார். நான் ஆச்சரியத்தில் “ஆமா” என்றேன். எங்களுக்குள் அது பெரிய முன்னேற்றம். அந்தத் தைரியத்தில் அவர் இன்னொரு படி ஏறிவிட்டார். “ஸ்கூல்ல அந்தப் பொண்ணு இன்னும் உன்கூடப் பேசறதில்லையா?”

நான் நின்றுவிட்டேன். அதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். “யாரு சொன்னா?” என்று கேட்டேன். “இல்ல, சும்மாதான் கேட்டேன்” என்று அப்பா மத்தளத்தின் வாரைச் சரிசெய்தார். நான் விடுவிடுவென்று இறங்கி, தோ பாயோக்காரியைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தேன். எனக்கென்று இருந்த ஒரு ரகசியமும் பறிபோய்விட்டது என்று கண்ணில் நீர் முட்டியது.

எங்கள் புளோக் வாசலில் ரோடு பளபளவென்று கிடந்தது. சிநேகிதி இடமும் வலமும் பார்த்துவிட்டு, “எங்க அங்கிள் தோண்டியிருக்காங்க?” என்று கேட்டாள்.

“மூடிட்டாங்க போலம்மா,” என்றார் அப்பா. “சிங்கப்பூர்ல வேலையெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்ல?”

அதோடு விடவில்லை. லிஃப்டில் இத்தனை பேர் ஏறினால் நின்றுவிடும் என்று சொல்லி, சுரூபத்தையும் கிட்டாரையும் தாத்தாவையும் மட்டும் அதில் அனுப்பிவிட்டு, எங்களை ஒன்பது மாடியும் படியேற்றினார். மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அந்த மூச்சோடு பாடிய பாட்டுதான் அன்றைக்குப் பாடியதிலேயே மிகச் சுமாரான பாட்டு. ஆனால் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்ட விதத்தைப் பார்த்தால், வானதூதர்களே வந்து பாடியதுபோல் இருந்தது.

ஜெபம் முடிந்தது. சமையலறையிலிருந்து கறிக்குழம்பின் வாசனை வந்தது. ஒருத்தரும் தண்ணீர் கேட்கவில்லை. முதலில் கிட்டார் அண்ணன், ஒண்ணே ஒண்ணு ஆன்டி, டேஸ்ட் பாக்க என்றார். டேஸ்ட் பார்க்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வரவேற்பறைத் தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா இரண்டு சட்டியிலும் மாற்றி மாற்றி ஊற்ற, அப்பா தட்டுத் தட்டாக எடுத்து வந்து போட்டார். ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சுபோல் அந்த ஆப்பங்கள் எங்கே போகின்றன என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் மாவுப் பானை காலியாகி, அம்மா வழித்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் வேர்வையோடு திரும்பி, தீந்துபோச்சேம்மா என்று வருத்தப்பட்டார். அதைவிடச் சந்தோஷமான வருத்தத்தை நான் பார்த்ததில்லை.

“என்னங்க, ரோட்டத் தோண்டியிருக்காங்களாமே?” என்று அம்மா அப்பாவைக் கேட்டார். சிநேகிதி போட்டுக் கொடுத்திருப்பாள். அம்மா சமையலறை ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். அப்பா ரொம்ப அக்கறையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அப்பா செய்த தந்திரம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நான் அவ்வளவு மக்கு இல்லை. அம்மாவுக்காகத்தான் அத்தனை பேரையும் நடக்கவிட்டுப் பசிக்க வைத்தார் என்று தெரிந்ததும், அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கியது. மீதிப் பாதி சிநேகிதி விஷயத்தில் அப்படியே இருந்தது.

திரும்பும்போது பஸ் எப்படியோ எங்கள் புளோக் வாசலுக்கே வந்து நின்றது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வழியனுப்ப நானும் ஏறிக்கொண்டேன். அங்கிள் இன்றைக்கு அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம் என்று எம்.ஆர்.டி நிலையத்திலேயே எல்லோரும் இறங்கியபோது, தோ பாயோக்காரி மட்டும் என்னிடம் வந்து நின்றாள். ஏன்டி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கே என்று கேட்டாள். அப்பாகிட்ட எல்லாத்தையும் ஏன் சொன்னே என்றேன்.

“நான் எங்கடி சொன்னேன்? அவருதான் கேப்பாரு. வேற எதையும் கேக்கவே மாட்டாரு. உனக்கு என்ன புடிக்கும், எதப் பத்திப் பேசினா நீ பேசுவே, இதேதான். எனக்கே போரடிச்சிருச்சு லா.”

“என்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா ‘ம்’னு சொல்றியாம்” என்று சொல்லிவிட்டு, அவள் மற்றவர்களைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

என்ன இது, போலீஸ் மாதிரி விசாரணை என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் போய் வழக்கம்போல் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். பஸ் முழுவதும் காலி. வெளியே விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அப்பா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ராத்திரி பஸ்ஸை நிறுத்தி வைக்கும் அந்தப் பெரிய இடம் நிலையத்திலிருந்து பக்கத்தில்தான். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும் இடதுபுறம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அப்பா திரும்பவில்லை, நேராகப் போய்விட்டார்.

“அப்பா, டர்னிங் போயிருச்சு!” என்று பின்னாலிருந்து கத்தினேன்.

“அட, ஆமா. விட்டுட்டேன் பாரு” என்றார்.

பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். நூலகம், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் ஒருமுறை வந்து போயின. மறுபடி பெட்ரோல் நிலையம். மறுபடி நேராகப் போனார். தினமும் காலையும் மாலையும் வந்துபோகிற இடத்தில் இந்த மனுஷருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் பயமாகிவிட்டது. எழுந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து, அவருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். “நான் சொல்றேன், அப்பத் திரும்புங்க” என்றேன். சரிம்மா என்றார்.

அந்தத் திருப்பம் வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, இரண்டாவது வீட்டில் ஆல்டோ ஏன் சொதப்பியது என்று சொல்ல ஆரம்பித்தேன். கிட்டார் அண்ணன் சுருதியை ஏற்றி வைத்துவிட்டார், எங்களால் பிடிக்க முடியவில்லை. அப்பா “ம்” என்றார். சுருதியிலிருந்து தோ பாயோக்காரியின் வாய்க்குப் போனேன். அதிலிருந்து எப்படியோ பள்ளிக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் எந்த நாளில் பேச்சை நிறுத்தினாள், யாரோடு போய் உட்கார்ந்தாள், நான் ஓய்வுவேளையில் எங்கே போய்ச் சாப்பிடுகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பஸ்ஸை மிக மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனார். பேச்சு மும்முரத்தில் பெட்ரோல் நிலையம் வந்தது எனக்கே தெரியவில்லை. அதையும் தாண்டிப் போய், இன்னொரு சுற்று வந்தோம்.

மறுநாள் காலை பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அம்மா ஆப்பச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். அப்பாவின் காதில் விழாதபடி, “அப்பாவுக்கு வழியெல்லாம் மறந்து போகுதும்மா. டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்று சொன்னேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டலாம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

காட்டவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்பாவுக்கு அந்தத் திருப்பம் மறந்து போயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமையும் மறந்தது. முதல் இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே, என் அப்பாவுக்கு வயதாகிறது என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.